நனைய மறுத்த வேட்டி

மூன்றாவது வாளித் தண்ணீரும் தங்கராஜுவின் மஞ்சள் வேட்டியில் முத்து முத்தாக உருண்டு புல்லில் விழுந்தது. வேட்டி காய்ந்தபடியே இருந்தது.

பூக்குழியில் தணல் தயார். கோயில் தலைவர் என்ற முறையில் முதலில் இறங்க வேண்டியவர் அவர். குளித்து, ஈர வேட்டியோடு இறங்குவதுதான் இந்தத் தோட்டத்து வழக்கம்.

“இன்னொரு வாளி ஊத்துயா!”

“ஊத்தலாம் தலைவரே. ஒட்ட மாட்டேங்குதே!” என்றார் பூசாரி புனிதன்.

காரணம் தங்கராஜுவுக்கு மட்டும் தெரியும். பருத்தித் துணியில் மழை ஒட்டாமலும் வெயிலின் புற ஊதாக் கதிர் இறங்காமலும் தடுக்கும் மருந்தைக் கோலசிலாங்கூரில் கடை போட்டு விற்பவர் அவர். ‘துணிக்கே குடை பிடித்தவன்’ என்று மேடையேறித் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டவர். ஊர்வல வெயிலில் நிறம் மங்கக் கூடாதென்று இந்த வேட்டிக்கும் மருந்து அடித்து வைக்கச் சொல்லியிருந்தார். இது நனைய வேண்டிய வேட்டி என்பது மறந்தே போயிருந்தது.

“வேற வேட்டி கொண்டாங்கப்பா!”

“சாமிகிட்ட வச்சு எடுத்தது. மாத்தினா விரதமே போச்சு லா” என்றார் பூசாரி.

சோப்புத் தூளைக் கொட்டினார்கள். தரைதான் நனைந்தது, தலைவர் வழுக்கி விழுந்தார். லோரி கழுவும் குழாயால் பீய்ச்சினார்கள். வேட்டி பலூனாக உப்பி முட்டிக்கு மேல் ஏறியது. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, திருப்பிய பக்கம் சிரித்தார்கள்.

தலைவர் பதவிக்கு நெடுநாளாய்க் காத்திருக்கும் இருசப்பன் தொண்டையைச் செருமினார். “தண்ணியே தொட மாட்டேங்குதுன்னா, மனசுல என்ன அழுக்கோ!”

கூட்டம் “உச்” கொட்டியது.

தங்கராஜு மைக்கைப் பிடுங்கினார். “அழுக்குமில்ல, மண்ணுமில்ல! மருந்துயா! என் கடை மருந்து!”

“மருந்து அடிச்ச துணியோட நெருப்புலயா? எறங்கவே விட மாட்டேன்” என்று பூசாரி தலைவரின் கழுத்து மாலையைக் கழற்றி இருசப்பனுக்குப் போட்டார்.

போனால் போகட்டும், மானமாவது மிஞ்சியதே என்று தங்கராஜு பல்லைக் கடித்தார்.

“நம்பலன்னா என் கடையில மருந்து அடிக்கிற பொண்ணையே கேளுங்க. குமுதா, சொல்லும்மா!”

கூட்டத்தின் கடைசியில் குமுதா நெளிந்தாள்.

“சோரி போஸ்... மருந்து முடிஞ்சுபோச்சு. உங்க வேட்டிக்கு நான் அடிக்கவே இல்ல.”