போர்வெல்லுக்குள் இருபது கேன் சோப்பு ஆயில்

திருவொற்றியூர்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ரவிக்குமார் அவர்களுக்கு, மாமனார் சிவந்தி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. போனில் சொன்னால் மகள் ராமசெல்வி ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். பிறகு பிரசவத்துக்கு இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டாள். அதனால்தான் கூரியர். படித்ததும் கிழித்துவிடவும்.

சென்ற முறை வந்தபோது உங்கள் எண்ணெய் வயல் வேலையை விளக்கினீர்களே, பாறை இடுக்கில் ஒட்டிய எண்ணெய் வெறும் தண்ணீருக்கு அசையாது, மீன்குழம்புச் சட்டிக்குப் போடுவதுபோல ஒரு சோப்புச் சரக்கைக் கலந்து அனுப்பினால் பிடியை விட்டு மேலே வரும் என்று, அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் போர்வெல் தண்ணீரில் டீசல் வாடை அடிப்பது உங்களுக்கே தெரியும். எந்தக் குழாய் எங்கே கசிந்ததோ, எண்ணெய் நம் மனைக்கு அடியில் இருக்கிறது. சோப்பு ஆயிலோ என் கடையிலேயே கேன் கேனாகக் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துவைக்கப் படிப்பு எதற்கு என்று இருபது கேன் ஊற்றினேன். எலுமிச்சை வாசனைச் சரக்கு. மாப்பிள்ளை தொழிலுக்கு மட்டமானதைப் போடுவேனா?

மறுநாள் காலையில் மோட்டாரைப் போட்டால், மாடித் தொட்டி பொங்கி, நுரை படிக்கட்டில் இறங்கி, தெருவுக்குப் போய், சாத்தாங்காட்டுக்கு இரும்பு ஏற்றிப் போன லாரியையே நிறுத்திவிட்டது. மாடியில் குடியிருக்கும் படகுக்காரர் எத்திராஜ் இடுப்புத் துண்டோடு ஓடிவந்து, “இன்னா அண்ணாச்சி, குழாயத் தொறந்தா நொரையா வந்துகினு கீது! பொஞ்சாதி குளிக்கப் போயி அர அவர் ஆச்சு, ஆளையே காணோம்!” என்று கத்தினார். “நான் இங்கதான் கீறேன், வழிதான் தெர்ல!” என்று செல்லம்மா மேலேயிருந்து குரல் கொடுத்தார். டீக்கடை ஜஹாங்கீர் பாய் மட்டும் கிளாஸ்களைக் கொண்டுவந்து வாசலிலேயே கழுவிக்கொண்டு போனார்.

உங்கள் அத்தை மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. சுவரைப் பார்த்து, “மாசமா இருக்குற பிள்ளைய இந்தத் தண்ணியில எப்படிக் குளிப்பாட்ட?” என்று மட்டும் கேட்டாள். அது மனதில் குத்திக்கொண்டே இருக்கிறது, மாப்பிள்ளை. தலைப்பிரசவம், மகள் இங்கே வராமல் போனால் நான் தாங்கமாட்டேன். நுரையை அடக்க வழி உண்டா, உடனே எழுதுங்கள். இனி விஞ்ஞானத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன், வடிவுடையம்மன்மேல் சத்தியம்.

நீங்களும் மகளும் வயிற்றுச் செல்வமும் நோய்நொடியில்லாமல் இருக்க அம்மன் துணை நிற்பாள்.

இப்படிக்கு,
தெருவில் தலைகாட்ட முடியாத
சிவந்தி

பி.கு.: கவரை ஒட்டும்போது உங்கள் அத்தை ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நுரை அடங்கிவிட்டது. மேலே இரண்டு விரல் கனத்துக்கு எண்ணெய் மிதக்கிறது. மூன்று நாளில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்: “பேறுகாலத்தைப் புழல்ல எங்கண்ணன் வீட்டுல வச்சுப் பார்த்துக்கிடலாம். நீங்க இன்னும் நாப்பது கேன் எடுத்துட்டு வாங்க.”