முப்பது அங்குலக் குழி

எங்கள் நகராட்சியின் பரப்பளவு எட்டேகால் சதுர கிலோமீட்டர். அதில் ஓர் அங்குலம் கூடிவிடாமலும் குறைந்துவிடாமலும் பதினேழு வருடமாக ஒரே மனிதர் காத்துவருகிறார். வேலை என்னவோ பொதுப்பணிப் பிரிவில் எழுத்தர்தான். இனத்தால் அவர் எல்லைக்காரர்.

எல்லைக்காரரை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் அளக்கும் டேப் இருக்கும், மேசைக் கண்ணாடிக்கு அடியில் குடும்பப் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஊர் வரைபடம் இருக்கும், நீங்கள் “சார், எங்க தெருவுல...” என்று ஆரம்பித்து மூச்சு வாங்குவதற்குள் அவருடைய சுட்டுவிரல் அந்த வரைபடத்தின் சிவப்புக் கோட்டைப் பிடித்து, வளைவுகளில் வேகம் குறைத்து, உங்கள் வீட்டு வாசல்வரை வந்து, சட்டென்று ஓரமாக ஒதுங்கிவிடும்.

“அது நம்ம எல்லையில வராதுங்களே.”

முகத்தில் என்ன ஒரு நிம்மதி!

மரம் விழுந்தால் அவர் மரத்தைப் பார்ப்பதில்லை. வேர் எந்தப் பக்கம் என்று பார்ப்பார். தெருவில் தண்ணீர் தேங்கினால் அது எந்த ஊரில் பெய்த மழை என்று கேட்பார். எங்கள் கம்பத்து விளக்கின் வெளிச்சம் அடுத்த ஊராட்சியில் விழுகிறது என்று கண்டுபிடித்து, விளக்கின் கழுத்தைத் திருப்பிவைத்தவரும் அவர்தான். இப்போது அது ஒரு வெற்றுச் சுவருக்கு மும்முரமாக வெளிச்சம் தருகிறது. வீட்டில் பால் பொங்கி வழியும்போதுகூட அடுப்படி நிலைக்கு இந்தப் பக்கம் நின்றே மனைவியைக் கூப்பிடுவார் என்று அவருடைய மைத்துனரே சொல்கிறார்.

இவ்வளவும் வேடிக்கைதான், அந்தக் குழி வரும்வரை.

ஊரின் கடைசித் தெருவில், தையல்கார அக்கா வீட்டு வாசலில், வடிகாலை மூடியிருந்த கல் உடைந்துபோனது. முப்பது அங்குல அகலத்துக்குக் குழி. அக்காவின் மாமனாருக்குப் பார்வை மங்கல். ஆனால் காலை நடையை விடமாட்டார். ஒரு தடவை முழங்கால்வரை உள்ளே இறங்கி, தோல் உரிந்து வந்தார். அடுத்த தடவை இடுப்பெலும்பு போய்விடுமே என்று அக்காவுக்குத் தைக்கிற துணியில்கூட மனம் நிற்கவில்லை. நகராட்சிக்கு நடந்தார்.

எல்லைக்காரர் நேரிலேயே வந்தார். அது அவருடைய நல்ல குணம். குத்துக்காலிட்டு அளந்தார்.

“வடிகாலோட நடுவுலதாம்மா எல்லை போகுது. இந்தப் பதினஞ்சு அங்குலம் நம்மது. அந்தப் பதினஞ்சு ஊராட்சி.”

“குழி ஒண்ணுதானே சார்?”

“குழி ஒண்ணுதான். பொறுப்பு ரெண்டும்மா.”

“அப்போ நான் எந்தப் பொறுப்புல விழணும்?” என்றார் வாசலில் உட்கார்ந்திருந்த மாமனார். “முன்கூட்டியே சொல்லிட்டா வசதியா இருக்கும்.”

ஊராட்சியிலும் ஓர் எல்லைக்காரர் இருக்கிறார். இல்லாமல் இருப்பாரா? அவரும் வந்தார், எதிர்க்கரையில் குத்துக்காலிட்டார், அதே பதினைந்தை அளந்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

ஐந்து மாதம் கழித்து நகராட்சியின் கல் வந்தது. பதினைந்து அங்குலக் கல். ஒரு கரையில் உட்கார்ந்த கல்லுக்கு மறு கரை வேண்டாமா? கொண்டுவந்த ஆட்கள் வண்டியைத் திருப்புவதற்குள் அது குழிக்குள் குதித்துவிட்டது. கோப்பில் ‘மூடப்பட்டது’ என்று எழுதினார் எல்லைக்காரர்.

அன்று சாயங்காலமே அக்கா பரணில் கிடந்த பழைய கதவு ஒன்றை இழுத்துவந்து குழியின்மேல் போட்டார்.

“தாழ்ப்பாள் எந்தப் பக்கம்மா?” என்று கேட்டபடி மாமனார் அதன்மேல் நடந்து பார்த்தார். கதவு அசையவில்லை.

மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. ஆக்கிரமிப்பு. ஏழு நாளில் கதவை அகற்றவேண்டும்.

இங்கேதான் எல்லைக்காரர் பதினேழு வருடத்தில் முதல்முறையாகச் சறுக்கினார். பாதி இடம்தான் தம்முடையது என்று எழுதினால் பாதிக் கதவைத்தானே எடுக்கச் சொல்ல முடியும்? முழுக் கதவையும் எடுக்கவைக்கும் ஆவேசத்தில், ‘மேற்படி முப்பது அங்குலமும் இந்நகராட்சிக்கே உரியது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டார்.

அக்கா அந்தத் தாளோடு நேராக நகராட்சித் தலைவியின் அறைக்குப் போனார். எல்லைக்காரரைக் கூப்பிட்டார்கள்.

“முப்பது அங்குலமும் உங்களுதுன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?” என்றார் அக்கா.

“அது... கதவுக்காக எழுதினதும்மா.”

“கதவு கிடந்தா உங்க எல்லை, எடுத்துட்டா அவங்க எல்லையா?”

தலைவி தாளை இரண்டு முறை படித்தார். “முழுக் கல்லுக்கு உத்தரவு எழுதுங்க” என்றார். நிலம் கூடியதற்காக ஒரு மனிதர் இப்படி முகம் வாடியதை நான் பார்த்ததில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் மாடிப்படித் திருப்பத்தில் பல்பு எரியாமல் எத்தனை நாளாகிறது? மேல்வீட்டுக்காரர் மாற்றட்டும் என்று நீங்களும், கீழ்வீட்டுக்காரர் மாற்றட்டும் என்று அவரும், கைப்பிடியைத் தடவித் தடவி ஏறிக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா? எதற்கும் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள். டேப் இருந்தாலும் இருக்கும்.

முழுக் கல் திங்கட்கிழமை வருகிறது. அதுவரை கதவு அங்கேயே கிடக்கும்.