பட்டாம்பூச்சிக் கூரையும் பல் டாக்டரம்மாவும்

மழை பெய்தால் வீடு ஒழுகும். ஒழுகினால் அடைக்க வேண்டும். இந்த இரண்டு விஷயத்திலும் பல் டாக்டரம்மாவுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. பகல் முழுக்க ஊரார் பல்லில் விழுந்த ஓட்டைகளை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஹாலின் நடுவில் சொட்டுச் சொட்டென்று வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். அவர் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துவார். வாளி நிரம்பினால் காலால் தள்ளிவிட்டு வேறொன்றை இழுத்து வைப்பார். அதற்குமேல் அவர் அந்தப் பிரச்சினையில் தலையிட்டதில்லை.

வீட்டைக் கட்டியவர் மாமனார். நகரத்துக்கு வெளியே புறநகர் என்று ஒன்று முளைக்கத் தொடங்கிய காலத்தில், பத்திரிகையில் வந்த ஒரு வீட்டுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டினார். படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தது கூரை போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது. மற்ற வீட்டுக் கூரைகள் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்திருக்க, இந்தக் கூரை இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருந்தது. பெய்கிற மழையெல்லாம் அந்தப் பள்ளத்தில் கூடி, சற்று ஆலோசித்து, ஹாலுக்குள் இறங்கும்.

"இந்தத் தடவை விடறதா இல்லை" என்று டாக்டரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரை வரவழைத்தார். கொத்தனார் தார் டின்னோடு ஏணியில் பாதி ஏறியபோது வாசலில் கூச்சல் கேட்டது.

"கையை எடுய்யா! கூரை மேல கை வைக்காதே!"

கேட்டைத் திறந்துகொண்டு ஒரு கூட்டம் உள்ளே வந்தது. எல்லோர் முகத்திலும் தடித்த கறுப்பு ஃபிரேம் கண்ணாடி, கழுத்தில் கேமரா. முன்னால் அடையாள அட்டை தொங்க வந்தவர், நடுநூற்றாண்டு நவீன இல்லங்கள் ரசனைத் துறையின் முதுநிலை ரசனை அலுவலர். சென்ற நூற்றாண்டின் நடுவில் கட்டிய வீடுகளை நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் தேடிப் பிடித்து, பொதுமக்கள் அவற்றை முறைப்படி ரசிக்கிறார்களா என்று கண்காணிப்பது அந்தத் துறையின் கடமை. அப்படி ஒரு துறை இருப்பதே டாக்டரம்மாவுக்கு அன்றுதான் தெரியும்.

அலுவலர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பட்டாம்பூச்சிக் கூரை" என்றார்.

"ம்ம்ம்" என்றது கூட்டம்.

"ஒழுகுதுங்க" என்றார் டாக்டரம்மா.

"ஒழுகுதுன்னு சொல்லாதீங்கம்மா. எங்க துறையில அதுக்கு நீர் வெளிப்பாடுன்னு பேரு. எப்பலேர்ந்து இருக்கு?"

"கட்டின நாள்லேர்ந்து."

"அப்போ அசல்!" அலுவலர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? மத்த வீட்ல எல்லாம் பின்னாடி வந்து சேர்ந்தது. இங்க பிறவியிலேயே இருக்கு. கொத்தனாரே, கீழ இறங்குய்யா."

கொத்தனார் இறங்கினார். இறங்கும்போது அவரும் ஒருமுறை "ம்ம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"இதைக் கட்டின மேதை யாரு?" என்று அலுவலர் கேட்டார். வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்த மாமனார் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"ஐயா, வெளிச்சுவரைப் பூசாம கல்லாவே விட்டிருக்கீங்களே, அதுக்குப் பின்னால இருக்கிற தத்துவம்?"

"சிமெண்ட் தீர்ந்து போச்சு."

"பொருள் துறவு!" அலுவலர் சிலிர்த்துப்போனார். "அந்த வட்ட ஜன்னல்?"

"சதுர ஜன்னல் வந்து சேரலை. லாரி டயர் ஒண்ணு கிடந்துது, அதை வச்சு ஓட்டை போட்டோம்."

"இயந்திர யுகத்தோட ஒரு உரையாடல்!"

மாமனார் மருமகளைப் பார்த்தார். மருமகள் மாமனாரைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக இருவரும் ஒரே கட்சியில் இருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் கட்சி மாறிவிட்டார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வந்தவர்களிடம், "அந்த வயசுலயே நான் சிமெண்டைத் துறந்தவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலில் பலகை வந்தது. 'மேற்படி இல்லத்தின் எப்பகுதியையும் மாற்றவோ, அடைக்கவோ, உலர்த்தவோ கூடாது' என்று அதில் எழுதியிருந்தது.

"உலர்த்தக் கூடாதுன்னா, தரையைத் துடைக்கலாமா சார்?" என்று வாத்தியார் பணிவோடு கேட்டார்.

"விழுந்த தண்ணி விழுந்தபடி இருக்கணும். நீங்க தாராளமா நடந்து போகலாம். வழுக்கினா மட்டும் எங்களுக்குத் தகவல் கொடுங்க."

ஊரில் அந்த ரசனை காய்ச்சல் மாதிரி பரவியது. ஞாயிறானால் குடும்பம் குடும்பமாக வந்து, ஹாலில் சொட்டைச் சுற்றி வட்டமாக நின்று "ம்ம்ம்" என்பார்கள். டாக்டரம்மா சமையலறையிலிருந்து குளியலறைக்குப் போகவேண்டுமானால் முப்பது பேரிடம் வழி கேட்க வேண்டும். அதே தெருவில் ஒழுகாத வீட்டுக்காரர்கள் தலைகுனிந்து நடந்தார்கள். ஒருவர் மொட்டைமாடிக்குக் கடப்பாரையோடு போனதைப் பார்த்ததாகப் பால்காரர் சொன்னார்.

பிறகு கோடை வந்தது. மழை நின்றது, சொட்டும் நின்றது. 'நீர் வெளிப்பாடு முன்னறிவிப்பின்றி நிறுத்தப்பட்டமைக்குத் தக்க காரணம் தெரிவிக்கவும்' என்று துறையிலிருந்து ஓலை வந்தது. மழை இல்லை என்று வாத்தியார் பதில் எழுதினார். விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று அலுவலர் முடிவு செய்து, ஞாயிறுதோறும் தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, குழாயால் கூரையில் தண்ணீர் பீய்ச்சச் செய்தார். அதே வாரம் சந்தைப் பக்கம் ஒரு கடை தீப்பிடித்து எரிந்தது. வண்டி ரசனைப் பணியில் இருந்ததால் போக முடியவில்லை.

இத்தனை தண்ணீரைக் கான்கிரீட் எவ்வளவு நாள் தாங்கும்? ஒருநாள் மத்தியானம் கூரையிலிருந்து பலகை அகலத்துக்குக் காரை பெயர்ந்து, பேப்பர் திருத்திக்கொண்டிருந்த வாத்தியாரின் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த டாக்டரம்மா, கணவரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஐயோ, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தோள்ல உரசாம நேராத் தரையில விழுந்து உடைஞ்சு போயிருக்கும்" என்றார் வாத்தியார். காரைத் துண்டை இரு கையிலும் ஏந்தி வெளிச்சத்தில் காட்டினார். "பாரேன், அப்படியே முழுசா இருக்கு. அசல் காரை! கண்ணாடிப் பெட்டி ஒண்ணு செய்யச் சொல்லணும்."

டாக்டரம்மா கணவரின் தலையிலிருந்து கையை எடுத்தார். இந்த வீட்டில் இனிமேல் தன் பக்கம் யாரும் இல்லை என்பது அவருக்கு அப்போது புரிந்தது. அன்றிரவு அவர் குடையை விரித்து அதன் கீழ் படுத்துக்கொண்டு அழுதார். அந்தக் கண்ணீர் அசலா என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் தெய்வத்துக்குக் கண் இருக்கிறது என்று அவர் நினைக்கும்படி, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ரசனை அலுவலரே அவருடைய கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார்.

"டாக்டரம்மா, உயிர் போகுது. கடைவாய்ப் பல்."

"படுங்க. வாயைத் திறங்க." கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "ஆகா! பெரிய குழி. எப்பலேர்ந்து சார்?"

"சின்ன வயசுலேர்ந்தே."

"அப்போ அசல்."

"வலி தாங்கலைம்மா."

"வலின்னு சொல்லாதீங்க. எங்க தொழில்ல அதுக்கு நரம்பு வெளிப்பாடுன்னு பேரு. நீங்க பிறந்தது?"

"போன நூற்றாண்டு... நடுவுக்குக் கொஞ்சம் பக்கத்துல."

"பார்த்தீங்களா, அப்புறம் நான் எப்படிக் கை வைக்கிறது? மாத்தவோ அடைக்கவோ கூடாதே!" டாக்டரம்மா குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என் கூரையை அடைக்க நீங்க உத்தரவு போடுங்க. உங்க பல்லை நான் அடைக்கிறேன்."

அலுவலரின் கண்ணோரம் ஒரு சொட்டு நீர் வெளிப்பட்டது. அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். கைக்கண்ணாடியை வாங்கி, வாயை அகலத் திறந்து, விளக்கு வெளிச்சத்தில் தன் பல்லைப் பார்த்தார். இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று டாக்டரம்மா மருந்தைக் குழைக்கத் தொடங்கினார்.

"ம்ம்ம்" என்றார் அலுவலர்.

"என்ன சார்?"

"என்ன ஒரு சரிவு! என்ன ஒரு பள்ளம்! வீடு வீடா அலைஞ்சேனேம்மா. இது என் வாய்க்குள்ளேயே இருந்திருக்கு." அவர் வீங்கிய கன்னத்தோடு டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "என் கண்ணைத் திறந்துட்டீங்க." பல்லை அடைக்காமலே இறங்கிப் போய்விட்டார்.

அந்த மாதமே துறையில் பற்கள் பிரிவு தொடங்கப்பட்டது. சென்ற நூற்றாண்டில் பிறந்தோரின் பற்குழிகளை அடைப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று ஆணை வந்தது. பல் டாக்டர்கள் எல்லோரும் கௌரவக் குழி ரசனையாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். டாக்டரம்மா முடியாது என்று சொல்லிப் பார்த்தார். கிளினிக்கில் ஈ ஓட்டிப் பார்த்தார்.

"ஒரு ம்ம் தானேம்மா, சொல்லிட்டுப் போயேன்" என்றார் வாத்தியார்.

சொன்னார். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். போகப் போக வாய் பழகிவிட்டது. ஒருநாள் ஒரு கிழவரின் முன்பல்லைப் பார்த்து, யாரும் கேட்காமலே டாக்டரம்மாவின் வாயிலிருந்து ஒரு நீண்ட "ம்ம்ம்" வந்தது. அதைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். பிறகு, உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வாசலில் கூட்டம் நெரிந்தது. எல்லோரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலியில் துடித்துக்கொண்டு, பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருநாள் ஒரு இளம்பெண் வந்தாள். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தாள். நாற்காலியில் சாய்ந்து, கைக்குட்டையை எடுத்ததும் தேம்பத் தொடங்கினாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. எல்லாப் பல்லும் முத்து முத்தாக இருந்தன.

"எங்க ஆபீஸ்ல எல்லாரும் வாயைத் திறந்து காட்டுறாங்க டாக்டர். நான் ஒருத்திதான் மூடிக்கிட்டே இருக்கேன். ஒரே ஒரு சின்ன ஓட்டை... போட்டு விடுங்களேன்."

"நான் போட்டா அது அசலா இருக்காதேம்மா."

"பார்க்கறவங்களுக்கு அசலாத் தெரிஞ்சாப் போதும்."

டாக்டரம்மா கதவிடுக்கு வழியாக வெளியே பார்த்தார். வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு இன்னும் எத்தனையோ பேர் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, டிரில்லை எடுத்து ஓடவிட்டார்.

"எந்தப் பக்கம்மா வேணும்?"