நாண்டி போய் வந்த அண்ணன்

‘பயிற்சிக்குப் போய் வந்தவர்’ என்று ஓர் இனம் உண்டு. கண்டுகொள்வது சுலபம். கழுத்தில் கயிறு கட்டிய அட்டை, தோளில் இலவசப் பை, வாயில் “நாண்டியில எங்களுக்கு என்ன சொன்னாங்கன்னா...” என்ற பாதிப் பேச்சு. மீதிப் பேச்சைக் கேட்டவர் எவருமில்லை.

ஃபிஜியில் எங்கள் தீவு ஆஸ்பத்திரிக்கு வாய்த்தவர் அபிசாய். கம்ப்யூட்டர் வருகிறது, ஒருவர் கற்று வந்து எல்லோருக்கும் சொல்லித் தரட்டும் என்று கப்பல் செலவு, நாண்டி நகரில் கடலோர ஓட்டல், நண்டு விருந்து, சான்றிதழ் என அவர் தலையில் நிர்வாகம் கொட்டியது. ஏன் இவர்? பெரிய அதிகாரியின் மனைவியும் இவர் தாயும் ஒரு பாட்டியின் பேத்திகள். அந்தச் செலவில் பிரசவ வார்டுக் கூரையை அடைத்திருக்கலாம். கூரை இன்னும் ஒழுகுகிறது.

நர்ஸ் லோசலினிக்குத்தான் அவசரம். இனிக் காகிதச் சீட்டு செல்லாது. கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் மருந்தறை இன்சுலின் கொடுக்கும். கட்டிலிலோ சர்க்கரை ஏறிய கிழவர் இலிசோனி. சொல்லித் தரச் சொல்லி ஆளனுப்பினாள். அபிசாய் கையை விரித்தார். அவள் தங்கை முறையாம்; எங்கள் வழக்கப்படி அண்ணன் தங்கை முகம் பார்த்துப் பேசலாகாதாம். பொய்யில்லை. இருவரின் அப்பா வழித் தாத்தாக்களும் உடன்பிறந்தவர்கள்தான். ஆனால் அடுத்த நர்ஸ் மாமியார் முறை, அதற்கடுத்தவளும் ஏதோ முறை என்று, கல்யாணம், சாவுக்குக்கூட எட்டிப் பார்க்காத மனிதருக்கு வார்டு முழுக்கச் சொந்தமாகிவிட்டதே, அதை என்ன சொல்ல?

மிஞ்சியவன் நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் சிரேலி. மச்சான் முறை. மச்சானிடம் எதையும் பேசலாம், மச்சானும் எதையும் பேசலாம். அவன் அபிசாயைக் கிழவரின் கட்டிலருகே கூட்டி வந்து, இருவருக்கும் நடுவில் நின்றான்.

“மச்சான், மருந்து எழுதுற இடம் எங்கன்னு உன் தங்கச்சி கேக்குது.”

“அணைச்சிட்டுத் திரும்பப் போடச் சொல்லு.”

“அதெல்லாம் போட்டுப் பாத்தாச்சு. அங்க பாடம் எதுவும் நடத்துனாங்களா, இல்ல நண்டு மட்டும்தானா?”

“நாண்டியில எங்களுக்கு என்ன சொன்னாங்கன்னா...”

கிழவர் நா வறண்டு, தண்ணீர் தண்ணீர் என்று முனகினார். தரையைப் பார்த்து நின்ற லோசலினி தலையை நிமிர்த்தினாள். பிறந்தது முதல் அவரோடு பேசாதவள் நேராகக் கேட்டாள்:

“அண்ணா, உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”



“தெரியாதும்மா,” என்றார் அபிசாய்.

அத்தனை செலவுக்கும் கிடைத்த ஒரே உருப்படியான பாடம் அது. அவள் காகிதச் சீட்டோடு அண்ணனையும் இழுத்துப் போய் மருந்தறை வாசலில் நிறுத்தினாள். அதே சொல்லை அங்கேயும் சொன்னார். கற்று வந்தவருக்கே தெரியாது என்றான பிறகு மருந்தறைக்காரர் என்ன செய்வார்? இன்சுலின் வந்தது. கிழவர் பிழைத்தார்.

நிர்வாகம் தீர யோசித்து முடிவெடுத்தது: அபிசாயை இன்னொரு பயிற்சிக்கு அனுப்புவது.

சிரிக்கிறீர்கள். சரி, உங்கள் வீட்டு ஆணியில் வெங்காயத்தோடு தொங்குகிறதே ஒரு பை, அது எந்தப் பயிற்சியில் கொடுத்தது? அங்கே என்ன சொல்லித் தந்தார்கள் என்று நாளை யாராவது கேட்கலாம். அவர் உங்களுக்கு என்ன முறை ஆக வேண்டும் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.