அவசரமில்லாதவர்கள் பெஞ்சு

"அந்த ஆபீஸ்ல மட்டும் அர்ஜெண்ட்னு எழுதிடாதேடி, பேஜாராயிடும்" என்று மின்சார ரயிலில் யாரோ யாரிடமோ சொன்னது அமலராணியின் காதில் விழுந்தது. அதற்குள் அவள் தன் மனுவின் தலையில் அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாள். குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. மாலை நாலு மணிக்குள் இருப்பிடச் சான்றிதழைக் கொடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

தாம்பரம் தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தர் தோத்தாத்ரி மனுவைத் தொடாமலே படித்தார்.

"அர்ஜெண்ட்டா? அந்த ரூம்ல போடுங்க."

அந்த அறையில் மனுக்கள் ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்தன.

"எப்போ சார் எடுப்பீங்க?"

"எல்லாமே அர்ஜெண்ட்மா. ஒண்ணை எடுத்தா மத்ததுக்கு அநியாயம். அதனால எடுக்கறதில்லை."

சுவரில் சுற்றறிக்கை தொங்கியது. 'அர்ஜெண்ட் என்பது லத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல். வேரின் பொருள் நெருக்குதல், தள்ளுதல். ஆகவே இச்சொல்லைப் பயன்படுத்துவோர் இவ்வலுவலகத்தை நெருக்கித் தள்ள முயன்றவர்களாகக் கருதப்படுவர். இங்ஙனம், சாம்பசிவன், அதிகாரி.'

"அவசரமில்லைன்னு எழுதிக் கொடுங்க. இன்னைக்கே முடிஞ்சிடும்" என்றார் தோத்தாத்ரி.

எழுதிக் கொடுத்தாள்.

"நிஜமாவே அவசரமில்லையே?"

"இல்லை சார்."

"பெஞ்சுல உட்காருங்க. பார்ப்போம்."

பெஞ்சில், மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு வந்த ஒருவர் பெரிதாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். செம்பாக்கத்துக் கங்கையம்மாள் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கடியாரத்தைப் பாக்காதே பொண்ணு. காலைல ஒருத்தன் பாத்துட்டான். அவன் பேப்பர் அந்த ரூமுக்குப் பூடுச்சு."

அமலராணி பையிலிருந்த ஊசியையும் நூலையும் எடுத்து லேஸ் பின்ன ஆரம்பித்தாள்.

மூன்றரைக்குத் தோத்தாத்ரி சான்றிதழை அவள் கையில் கொடுத்தார். "ஐயா கையெழுத்து மட்டும் பாக்கி."

அப்போது சாம்பசிவனே வெளியே ஓடி வந்தார்.

"பொண்ணு கல்யாணத்துக்கு லீவு கேட்டிருந்தேனே, செங்கல்பட்டுப் பெரிய ஆபீஸுக்கு அனுப்பிட்டீரா?"

"அர்ஜெண்ட்னு போட்டிருந்தீங்க சார். அந்த ரூம்ல இருக்கு."

சாம்பசிவன் தம்முடைய சுற்றறிக்கையை ஒருமுறை பார்த்தார். புதுக் காகிதம் வாங்கி, 'அவசரமில்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

"நிஜமாவே அவசரமில்லையே சார்?"

"இல்லைய்யா."

தோத்தாத்ரி பெஞ்சைக் காட்டினார். அமலராணி நகர்ந்து இடம் விட்டாள். சான்றிதழையும் பேனாவையும் நீட்டினாள்.

"இங்கே ஒரு கையெழுத்து சார்."

சாம்பசிவனின் கண் கடியாரத்தின் பக்கம் போனது. தோத்தாத்ரி கனைத்தார். சாம்பசிவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, சான்றிதழை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார்.