குளிருகிறது என்பதற்கான அத்தாட்சி

மனிதகுலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு நெருப்பு அல்ல, 'தகுதி'. நெருப்பு எல்லோரையும் ஒரேமாதிரிச் சுடும். யார் குளிர்காயலாம், யார் காயக்கூடாது என்று பிரித்துச் சொல்லத் தகுதியால்தான் முடியும்.

லைப்சிக்கிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடத் தொலைவிலுள்ள எங்கள் சிறுநகரில் இந்தக் கண்டுபிடிப்பைப் பேணிக் காக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. ஜெர்மன் சரியாக வராத தமிழருக்கு அங்கே மொழிபெயர்ப்பது என் தொண்டு. சென்ற ஜனவரியில் லவினியாவோடு போனேன்.

லவினியா ஒரு விடுதியின் சலவையறையில் வேலை செய்தவர். ஏழு வயது மகள் ப்ரீத்தியைத் தனியாக வளர்க்கிறார். வேலையிழந்தோர் கொடுப்பனவு பெறப் பன்னிரண்டு மாதம் உழைத்திருக்க வேண்டும். அதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது விடுதிக்காரர் சலவையறையை மூடிவிட்டார். சட்டப்படி மூடினார், கறை ஏதுமில்லை.

ஆகவே லவினியா ஏழைகளுக்கான உதவிக்கு வந்தார். வாடகையும் சாப்பாடும் கிடைத்தன. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் தனி விண்ணப்பம்.

அதிகாரி பீலிக்ஸ் நல்ல மனிதர். எழுந்து நின்று கைகொடுத்தார். அலுவலகத்தில் அவ்வளவு கதகதப்பு. அவர் அரைக்கைச் சட்டையில் இருந்தார்.

"எண்ணெய்த் தாங்கி வற்றிவிட்டது என்பதற்கு அத்தாட்சி?"

"நிலவறையில நிக்குது, வந்து தட்டிப் பாக்கச் சொல்லுங்கோ அண்ணை. கோயில் மணி மாதிரிக் கேக்கும்."

மொழிபெயர்த்தேன். பீலிக்ஸ் உண்மையாகவே வருந்தினார். "சத்தத்தைக் கோப்பில் வைக்க முடியாதே. போன வருடம் எவ்வளவு எண்ணெய் முடிந்தது?"

"கொஞ்சந்தான். ஒரு அறையை மட்டுந்தான் சூடாக்கினனாங்கள்."

அவர் தட்டச்சு செய்தார். "அப்படியானால் மற்ற அறைக்கு வெப்பம் தேவைப்படவில்லை. குறைந்த பாவனை, குறைந்த தேவை."

"என்னவாம் அண்ணை?"

"உங்கட சிக்கனத்தை மெச்சுறார்" என்றேன். மொழிபெயர்ப்பாளனுக்கு நாகரிகம் முக்கியம்.

"பிள்ளை இரவிரவா இருமுறாள் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். "இருமல் வேறு துறை. நாங்கள் வெப்பம்" என்றார் பீலிக்ஸ். வீட்டை நேரில் பார்வையிட மூன்று வாரம் கழித்து ஒரு டெர்மின், அதாவது நாளும் நிமிடமும் குறித்த சந்திப்பு, தந்தார். கேட்டதும் என் மனம் குளிர்ந்தது. லவினியாவுக்கு மற்றதெல்லாம் ஏற்கெனவே குளிர்ந்திருந்தது.

குறித்த நாளில், குறித்த நிமிடத்தில், வெப்பமானியுடன் பீலிக்ஸ் வந்தார். கதவைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடு இதமாக இருந்தது! மேல்வீட்டிலிருந்து இரவல் வாங்கிய மின்சாரக் கணப்பு அறை நடுவே சிவந்துகொண்டிருந்தது. ப்ரீத்தி அதற்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தாள். மேசையில் தேநீரும் கட்லட்டும்.

"என்ன வேலை பாத்து வச்சிருக்கிறீங்கள்?" என்று காதோடு கேட்டேன்.

"ஒரு மனிசன் வீட்டுக்கு வாறார். விறைக்க விடேலுமே? இவளும் ஒரு நாளெண்டாலும் சூடா இருக்கட்டும் எண்டுதான்."

வெப்பமானி இருபத்தொரு பாகை காட்டியது.

"அது இரவல். பின்னேரம் திருப்பிக் குடுக்கோணும் எண்டு சொல்லுங்கோ."

"பின்னேரம் நான் இருக்கமாட்டேன்" என்றார் பீலிக்ஸ். "நான் பார்ப்பதைத்தான் எழுதலாம்." இரண்டு கட்லட் சாப்பிட்டார். மிக ருசி என்றார். அதை மட்டும் எழுதவில்லை.

கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்த வாரமே ப்ரீத்திக்குக் காய்ச்சல் ஏறியது. நுரையீரலில் சளி கட்டி, மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

லவினியா டெர்மின் இல்லாமல் அலுவலகத்துக்குள் நுழைந்தார். அந்த அலுவலகத்தின் வரலாற்றில் அது ஒரு கறுப்பு நாள். பின்னாலேயே ஓடினேன். பிள்ளையின் எக்ஸ்ரே படத்தை அவர் மேசையில் விரித்தார்.

"இதைக் கோப்பில வைக்க ஏலுமோ எண்டு கேளுங்கோ. உங்கட பாட்டுக்கு மாத்தாமல், நான் சொன்னபடி கேளுங்கோ."

முதல்முறையாக ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். பீலிக்ஸ் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பிரதி எடுத்து வந்தார்.

ப்ரீத்தி பிழைத்தாள். பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

ஏப்ரலில், ஜன்னலெல்லாம் திறந்து கிடந்த ஒரு மத்தியானத்தில், முடிவு வந்தது. எண்ணெய்க்கு அனுமதி! லவினியா என்னை அழைத்து வாசிக்கச் சொன்னார். இரண்டாம் பக்கத்தில் ஒரு சிறு திருத்தம் இருந்தது: பிள்ளை பதினெட்டு நாட்கள் பொதுச் செலவில் சூடாக்கப்பட்ட கட்டடத்தில் தங்கியிருந்தமையால், அந்நாட்களுக்குரிய அவரது பங்கு வெப்பம் கழிக்கப்படுகிறது.

"என்ன அண்ணை, நல்ல செய்திதானே?"

எத்தனை துல்லியம்! மருத்துவமனையில் ப்ரீத்தி கிடந்த பதினெட்டு நாளையும் ஒரு நாள் பிசகாமல் இந்த அலுவலகம் அறிந்து வைத்திருக்கிறது. விண்ணப்பித்த நாள்முதல் அதற்கு முந்திய நாற்பத்திரண்டு நாளும் அவள் எங்கே கிடந்தாள் என்பதுதான், பாவம், அதற்குத் தெரியவில்லை.