மாமனாரும் மெட்டல் டிடெக்டரும்

எவ்வளவு சாதுவான ஆளாக இருந்தாலும் சரி, கழுத்தில் ஒரு அடையாள அட்டையைத் தொங்கவிட்டு, கையில் 'பீப்' என்று கத்துகிற ஒரு தடியைக் கொடுத்துவிட்டால் அரை மணி நேரத்தில் போலீஸாகிவிடுவான். அனுபவத்தில் சொல்கிறேன். எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அப்போது நான் புத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருப்பதிக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். கேமரா, மெட்டல் டிடெக்டர் கதவு போன்றவற்றை வாங்கி விற்று, மாட்டியும் கொடுக்கிற சின்னக் கம்பெனி. கல்யாண மண்டபத்துக்கும் நகைக்கடைக்கும் கேமரா மாட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில்தான் அரசாங்கக் கட்டடங்களில் பாதுகாப்பை மேம்படுத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. பேப்பரில் அதைப் படித்த எங்கள் முதலாளி ஊழியர்கள் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். (நாட்டின் பாதுகாப்பில் அவருக்கு அவ்வளவு அக்கறை.)

முதல் ஆர்டர் சித்தூரில் ஒரு அரசாங்க அலுவலகம். அதுவரை அந்த அலுவலகத்தின் மொத்தப் பாதுகாப்பும் ஒரு வாட்ச்மேனும், வாசற்படியில் படுத்திருக்கும் ஒரு நாயும்தான். இரண்டில் நாய்தான் கொஞ்சம் விழிப்பு என்று அங்கே பேசிக்கொண்டார்கள். யாரை அனுப்புவது என்று முதலாளி யோசிப்பதற்குள் நான் போகிறேன் என்று எழுந்து நின்றேன். காரணம் தேசபக்தி இல்லை, கலைவாணி.

கலைவாணி திருப்பதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று அவளே சோதித்துச் சொன்ன பிறகும், தலைவலி என்றும் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றும் சொல்லிக்கொண்டு நான் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில், வியாதி கண்ணில் இல்லை என்று அவளுக்கும் புரிந்தது. அவளுக்கும் சம்மதம்தான். ஆனால் அவளுடைய அப்பா சம்மதிக்க வேண்டும். அப்பா தேவராஜன், அதே சித்தூர் அலுவலகத்தில் சீனியர் அசிஸ்டென்ட்.

"எங்க நைனாவுக்கு ரூலுன்னா உசுரு," என்றாள் கலைவாணி. "உன்ன பத்தி சொல்லி வெச்சிக்கிறேன். கதவு மாட்ட வர்றப்போ பாக்கறேன்னாரு. பாத்து நடந்துக்கோ."

அவள் சொன்னதில் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். ரூல்தானே? காட்டிவிடலாம். முதலாளியின் மேஜையில் கிடந்த அந்தச் சட்டத்தின் நகலை எடுத்து இரவல் கண்ணாடியெல்லாம் போட்டுக்கொண்டு படித்தேன். அதில் ஒரு பிரிவு எனக்கு வேதவாக்கு மாதிரி இருந்தது. கதவு ஒலி எழுப்பினால், அந்த ஒலிக்குக் காரணமான பொருளைக் கண்டறிந்து அகற்றும்வரை எவராயினும் உள்ளே அனுமதிக்கக் கூடாது. 'எவராயினும்' என்ற வார்த்தையை நினைத்து நினைத்துப் பூரித்துப்போனேன்.

கிளம்பும்போது முதலாளி தன் தெலுங்குத் தமிழில் எச்சரித்தார். "ஒரேய் குணா, சென்சிடிவிட்டி பாதியில பெட்டு. ஃபுல்லா வெச்சா சட்டைப் பொத்தானுக்குக்கூட கத்தும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஜனம் உள்ள போவணும் கதா?"

நான் தலையாட்டிவிட்டு வந்து, ஃபுல்லாக வைத்தேன். என் கதவு ஒரு குண்டூசியைக்கூட விடாது என்று வருங்கால மாமனார் பார்க்க வேண்டாமா?

திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார், ஒரு அம்மா. எல்லோரும் 'மேடம்' என்றார்கள். இரண்டு பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு நின்றார்கள். மேடம் ரிப்பனை வெட்டி, சட்டத்தின் முக்கியத்துவம் பற்றித் தெலுங்கில் பேசிவிட்டு, கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக உள்ளே போய் நின்றுகொண்டார். அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. 'எவராயினும்' என்று மனப்பாடம் செய்த நானும் கண்டுகொள்ளவில்லை.

"சீனியர் ஸ்டாஃப் முதல்ல ராவாலி," என்றார் மேடம்.

தேவராஜன் முன்னால் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மார்பை நோக்கி ஏற்றிக் கட்டிய பேன்ட், நெற்றியில் திருநீறு. பத்திரிகையில் படம் வரப்போகிறது என்பதால் தலைக்கு எண்ணெய் கொஞ்சம் அதிகம். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் விறைப்பாக நின்றேன். அவர் கதவுக்குள் காலை வைத்தார்.

கதவு ஊளையிட்டது.

கடிகாரத்தைக் கழற்றச் சொன்னேன். சாவிக்கொத்து, சில்லறை, சுண்ணாம்பு டப்பி எல்லாம் தட்டுக்கு வந்தன. மறுபடி ஊளை. பெல்ட்டையும் கழற்றச் சொன்னேன். ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்போதும் ஊளை. கதவின் பக்கவாட்டு விளக்குகளில் இடுப்பு உயரத்தில் இருந்தது மட்டும் சிவப்பாக எரிந்தது. நான் அந்த 'பீப்' தடியை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோனேன். முன்னால், பின்னால், இடப்பக்கம், வலப்பக்கம், போன இடமெல்லாம் கத்தியது.

அவர் என் காதருகே குனிந்தார். "அரணாக்கொடி பா. வெள்ளி. வுடு."

இந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளை என்றால் இடுப்பில் அரைஞாண் இருக்கும். வசதியைப் பொறுத்துக் கறுப்புக் கயிறு, இல்லையென்றால் வெள்ளிக்கொடி. உயிரோடு இருக்கும்வரை அதைக் கழற்றக் கூடாது. இது எனக்குத் தெரியாதா? என் இடுப்பிலும் ஒன்று இருந்தது. புத்தியுள்ள எவனும் அந்த இடத்தில் "சரி சார், போங்க" என்றிருப்பான். ஆனால் நான்தான் ரூல் காட்ட வந்தவன் ஆயிற்றே! தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தேன்.

"மேடம், நடுமு தக்கர மெட்டல் உந்தி!"

இடுப்பில் ஏதோ உலோகம் என்றதும் கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. பத்திரிகைக்காரர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள். மேடம் நிதானமாகச் சொன்னார். அது எதுவாக இருந்தாலும் சரி, தனியறைக்குக் கூட்டிப்போய்க் கழற்றி, தட்டில் வைத்துக் கொண்டுவர வேண்டும். பிறகு அவரை மறுபடி கதவு வழியாக நடக்க வைத்துப் படம் எடுக்கலாம். சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று ஜனங்கள் பார்க்கட்டும்.

வாட்ச்மேன் அறைக்குள் நாங்கள் இருவர் மட்டும். கதவைச் சாத்தியதும் தேவராஜன் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணாடிக் கடைக்கு வந்து போய்க்கினு இருந்த பையன் நீதானே?"

"ஆமா சார்."

"பொண்ணு கேக்க வந்தவன் எவனாவது மாமனாரு இடுப்பைத் தடவிக்கினு இருப்பானா?"

"சட்டத்துல எவராயினும்னு போட்டிருக்கு சார்..." என்று இழுத்தேன். அந்த நிமிஷத்தில் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"அப்டியா? இரு, காட்றேன்." சட்டையைத் தூக்கி, பேன்ட்டைக் கொஞ்சம் இறக்கினார். பளபளவென்று வெள்ளிக்கொடி. அந்தக் கொடியில் முன்னும் பின்னும் செருகியிருந்தது, நன்றாக நீலம் போட்டு வெளுத்த ஒரு கோவணம்.

அரசாங்க சீனியர் அசிஸ்டென்ட் பேன்ட்டுக்குள் கோவணம் கட்டுவார் என்று எந்தச் சட்டமும் எனக்குச் சொல்லவில்லை. அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"இத்த கழட்டணும், அவ்ளோதானே? கழட்டறேன். அப்புறம் அத்த யாரு புடிச்சிக்கினு கூட வருவா? நீயா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. கலைவாணி கையை விட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். வெளியே மேடம் காத்திருந்தார். அரைஞாண் என்று சொன்னால் தட்டில் கொண்டு வா என்பார். இவரோ கழற்ற மாட்டார், கழற்றவும் முடியாது. கழற்ற முடியாதபடி மனுஷன் இடுப்பில் இருக்கக்கூடிய உலோகம் எது? யோசித்துக்கொண்டே வெளியே வந்தவன், யோசித்து முடிப்பதற்குள் வாயைத் திறந்துவிட்டேன்.

"மேடம், ஆபரேஷன் கேசு. இடுப்பெலும்புல ஸ்டீல் பிளேட் வெச்சிருக்காங்க. ரொம்ப வருஷமா வலியை வெளியே சொல்லாம வேலை பண்றாரு."

இரண்டாவது வாக்கியம் தேவையே இல்லை. பொய் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கூட்டம் 'அய்யோ பாவம்' என்று உச்சுக்கொட்டியது. எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த தேவராஜன் அதைக் கேட்டார். ஒரு நொடி நின்றார். அப்புறம் மெதுவாக இடது காலை இழுத்து இழுத்து நடந்து, ஊளையிடுகிற கதவைத் தாண்டி உள்ளே போனார். அவர் முகத்தில் தெரிந்த வேதனை முழுக்க முழுக்க உண்மை.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட ஊழியரை மாடியில் உட்கார வைத்திருப்பது யார் என்று அங்கேயே சத்தம் போட்டார். கீழ்த்தளத்தில், ஜன்னலோரம், ஃபேனுக்கு நேர் கீழே அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். (அந்த இடத்துக்காக அந்த அலுவலகத்தில் பெரிய சண்டையே நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.) அதற்குப் பின் வாசலில் யாரும் வரிசையில் இல்லை. என்னவென்று பார்த்தால், மொத்த அலுவலகமும் கேன்டீனுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் இடிந்திருந்த இடத்தின் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அன்று என் கதவு பிடித்த ஒரே ஆள் என் மாமனார்தான்.

இரண்டு நாள் கலைவாணி போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். "நைனா வரச் சொன்னாரு. இன்னா பண்ணி வெச்ச நீ? வீட்ல கூட ஒருமாதிரி நடக்கறாரு. கேட்டா, பழகிக்கினு இருக்கேன்றாரு."

தூக்குத்தண்டனைக்குப் போகிற மாதிரி சித்தூர் வீட்டுக்குப் போனேன். தேவராஜன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே என்னை உட்காரச் சொன்னார்.

"நான் ரிட்டயர் ஆவற வரைக்கும் காலை இழுத்துக்கினு நடக்கணும். நீ பண்ணின வேலை."

"மன்னிச்சிடுங்க சார்."

"மன்னிப்பு இருக்கட்டும். இந்த பிளேட்டு பொய்யின்னு தெரிஞ்சவன் வெளில நீ ஒருத்தன்தான். உன் வாயப் பத்தி எனக்குத் தெரிஞ்சு போச்சு. உன்ன வெளிய வுட்டு வெக்கறது டேஞ்சரு. குடும்பத்துக்குள்ள போட்டுப் பூட்டிட வேண்டியதுதான்." உள்பக்கம் திரும்பி, "காபி எடுத்துக்கினு வா," என்றார். கலைவாணி காபியோடு வந்தாள். சந்தோஷத்தில் நான் சர்க்கரை இல்லாத அந்தக் காபியை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

கல்யாணம் சித்தூரிலேயே நடந்தது. மண்டபத்தின் வலப்பக்கம் அலுவலகத்துக்காரர்கள், இடப்பக்கம் சொந்தக்காரர்கள். மாமனார் வலப்பக்கம் போகும்போது நொண்டினார், இடப்பக்கம் வந்தால் ஓடினார். நடுவில் சில சமயம் கால் மாறிவிடும். தாலி கட்டும் நேரத்தில் எனக்கு அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது.

அவர் ஓய்வுபெற்ற பிறகும் ஓயவில்லை. பழைய சகாக்கள் திடீர் திடீரென்று வீட்டுக்கு வருவார்கள். கேட் சத்தம் கேட்டு எட்டிப்பார்க்கிறவர்கள், ஆபீஸ் ஆளாக இருந்தால் "பிளேட்டு!" என்று உள்ளே குரல் கொடுக்க வேண்டும். அது வீட்டுச் சட்டம். உடனே தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிற மனுஷன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் குளியலறையில் நிஜமாகவே வழுக்கி விழுந்துவிட்டார். "அய்யோ, இடுப்பு போச்சே!" என்று அலறினார். நான் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலை எட்டிப்பார்த்தேன், யாரும் இல்லை. மறுபடி அலறினார். அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்த மாமியார் திரும்பிக்கூடப் பார்க்காமல் குரல் கொடுத்தார்:

"இப்ப யாரு வந்துக்கிறாங்க?"